புருஷன் உயிரோடு இருக்கிறவள்

கண்ணம்மாள் தன் புருஷனைக் கொன்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. வாயால் கொன்றதுதான். ஆள் வெள்ளகோவிலில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். தறிக்குடோனுக்குப் போகிறார், வருகிறார், சம்பளம் வாங்கிய அன்றைக்குக் குடிக்கிறார். லிங்கசாமி என்கிற அந்த மனிதருக்குத் தாம் செத்துப்போன விஷயம் இன்றுவரைக்கும் தெரியாது.

பெருமாநல்லூர் தாண்டி ஒரு பனியன் கம்பெனி. அதன் பின்பக்கம் பெண்பிள்ளைகள் தங்கும் விடுதி. அந்த விடுதிக்குக் கண்ணம்மாள்தான் வார்டன். பொட்டு இல்லாத நெற்றியும் பூ இல்லாத கொண்டையுமாக அவள் நடந்துபோனால், புதிதாக வந்த பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, பாவம், சின்ன வயசிலேயே என்று குசுகுசுப்பார்கள். அது அவள் காதில் விழும். விழாத மாதிரி போய்விடுவாள். பாவம் என்கிற அந்த ஒரு சொல்லில்தான் அவள் அறைச் சாவி தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

கோபத்தில் கொன்றதில்லை. அடி பொறுக்காமல் அவள் திருப்பூருக்கு வந்தபோது, வேலை வந்த அன்றைக்கே கிடைத்தது. இந்த ஊரில் வேலைக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இல்லை. வீடுதான் கிடைக்கவில்லை. லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் மரியாதைப்பட்டவர்கள். உட்காருங்க என்பார்கள், தண்ணி குடிக்கறீங்களா என்பார்கள், அப்புறம் ஊட்டுக்காரர் எந்தக் கம்பெனிங்க என்று கேட்பார்கள். பின்னால் வருவார் என்று பொய் சொல்லி ஒரு அறையில் நுழைந்தாள். நிஜமாகவே வந்தார். எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, காம்பவுண்டுக்கு நடுவில் நின்று வாய்க்கு வந்ததைப் பேசினார், முடியைப் பிடித்து இழுத்தார். சுற்றிலும் இருந்த கதவுகள் சாத்திக்கொண்டன. மறுநாள் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, உங்க சண்டைய உங்க ஊட்ல வெச்சுக்குங்கம்மா, நாலு குடும்பம் இருக்கற எடம் என்றார். இன்னொரு காம்பவுண்டிலும் அதே கதை. அண்ணன் வீட்டுக்குப் போனால் இரண்டு நாள் கோழி அடித்துப் போட்டார்கள். அப்புறம் அண்ணனே பையைத் தூக்கிக்கொண்டு வந்து வெள்ளகோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அவர் பேரில் குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, ஆனால் மறக்கவும் முடியவில்லை.

கடைசித் தடவை வந்தபோதுதான் இந்த விடுதிக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டாள். பிக்கல் பிடுங்கல் இல்லாத பொம்பளையாக இருக்க வேண்டும் என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக் கழிவறையில் நின்று நெற்றியைத் தண்ணீர் விட்டு அழித்தாள். கழுத்தில் இருந்ததைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். மேனேஜர் மயில்சாமி, ஊட்டுக்காரர் என்ன பண்றாருங்க என்று கேட்டார்.

"போய்ச் சேந்துட்டாருங்க."

அவர் உச்சுக்கொட்டினார். மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறை அவளுக்குக் கிடைத்தது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. போட்டுக்கொண்டு படுத்தவள் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அப்படித் தூங்கியது அதுதான் முதல்.

அந்த விடுதியைப் பற்றி வெளியில் நல்லபடியாகப் பேச மாட்டார்கள். தெற்கத்திச் சீமையிலிருந்து கல்யாணமாகாத பிள்ளைகளை ஏஜென்ட் கூட்டிக்கொண்டு வருவான். மூன்று வருஷம் வேலை, முடிந்தால் கல்யாணச் செலவுக்கு ஒரு தொகை. அதுவரை வெளியே விடமாட்டார்கள். சுவருக்கு மேலே கண்ணாடிச் சில்லு. ஞாயிற்றுக்கிழமை அப்பனும் அண்ணனும் வந்தால்கூட வாசல் கொட்டகையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஜெயிலாட்டம் இருக்கிறது என்று பிள்ளைகள் அழும். கண்ணம்மாளும் ஆமாம் என்றுதான் சொல்லுவாள். ஆனால் பிள்ளைகள் வெளியே போகாமல் இருக்கக் கட்டின சுவர், ஆம்பிளை உள்ளே வராமலும் பார்த்துக்கொள்கிறதே. இது அவளுக்கு மட்டும்தான் புரிந்திருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

அதனால்தான் அந்தக் காரியத்தை ஆரம்பித்தாள். ஆரம்பித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, தலையில் வந்து விழுந்தது. கம்பெனியில் செக்கிங் பார்க்கிற ஒரு பெண் உதடு கிழிந்து வந்து நின்றாள், வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாள். கண்ணம்மாள் அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் மெட்டியைக் கழற்றச் சொன்னாள். தாலியையும் வாங்கிக்கொண்டாள். ஒரு சுடிதாரைக் கொடுத்து, கேட்டா கல்யாணமாகலைன்னு சொல்லு அம்மிணி என்று மேல்மாடிக்கு அனுப்பிவிட்டாள். நானூறு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஒரு தலை கூடினால் யார் கண்டது. அவள் கொஞ்ச நாள் இருந்து, ஊரிலிருந்து தம்பி வந்ததும் அவனோடு கிளம்பிப் போனாள். விஷயம் காதோடு காதாகப் பரவியது. அப்புறம் வருஷத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் வந்துகொண்டே இருந்தார்கள்.

கல்யாணமாகாதவளாக இருப்பதற்கு அவள் பாடமே வைத்திருந்தாள். மெட்டி கிடந்த விரலில் பள்ளம் தெரியும், தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும். துப்பட்டாவை முந்தானையாட்டம் இழுத்துச் செருகக் கூடாது. எங்க வீட்டுக்காரர் என்ற சொல் தூக்கத்தில்கூட வாயில் வரக் கூடாது. கழற்றிய தாலிகளை ஒரு தூக்குப் போசியில் போட்டு, மூடி, முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். போசியின் அடியில் அவளுடையதும் கிடந்தது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் முருகனைப் பார்க்க மாட்டாள்.

பிள்ளையோடு வருகிறவளை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. மெட்டியைக் கழற்றலாம், இடுப்பில் இருக்கிற பிள்ளையை எங்கே கழற்றி வைப்பது? பழனியம்மாள் என்று ஒருத்தி, நடக்கப் பழகுகிற பையனோடு வந்தாள். கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. கண்ணம்மாள் இருவருக்கும் சோறு போட்டாள். பையன் அவள் மடியிலேயே தூங்கிவிட்டான். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிரு கண்ணு என்று அவளே கேட்டைத் திறந்து வெளியே அனுப்பினாள். அண்ணன் செய்த அதே காரியம். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் போனது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

வேல்விழி வந்தது, திருப்பூரைக் கோயமுத்தூரிலிருந்து தனி மாவட்டமாகப் பிரித்த வருஷம். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். புருஷன் இசக்கிமுத்துவுக்கு வீரபாண்டியில் சாயப்பட்டறை வேலை. கட்டி இரண்டு வருஷம், பிள்ளை இல்லை, அதுவே அடிக்கிறதுக்கு ஒரு காரணம். ஊருக்குப் போன் போட்டாளாம். பொறுத்துப் போம்மா, தங்கச்சி கல்யாணம் இருக்கு என்றாராம் அப்பா. கண்ணம்மாள் வழக்கம்போல் பாடம் சொன்னாள். வேல்விழி கெட்டிக்காரி, எல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். சுடிதாரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாட்டம் இருந்தாள். கைமடியில், அதாவது பீஸ்களை மடித்து அடுக்கும் இடத்தில், வேலையும் கிடைத்தது. ஒரு மாதம் போவதற்குள் முகம் தெளிந்துவிட்டது. ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்கிட்டே நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள். கண்ணம்மாள் சோத்துக் கரண்டியோடு நின்று அதைக் கேட்டாள். இந்தப் பிள்ளையாவது தப்பித்துவிடும் என்று முதல்முறையாக நம்பினாள். அப்படி நம்பியிருக்கக் கூடாது.

ஆயுத பூஜை வந்தது. பனியன் கம்பெனியில் தீபாவளிக்குச் சமமான நாள் அது. மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். பூஜை முடிந்ததும் முதலாளியம்மா ஒரு தட்டை வைத்துக்கொண்டு நின்று பெண்களுக்கெல்லாம் குங்குமமும் பூவும் கொடுப்பது வழக்கம். கண்ணம்மாள் அந்த வரிசைக்கு வருகிறவள் இல்லை. தூரத்தில், பொரிப் பொட்டலம் கொடுக்கிற மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து, குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, பூவை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். வேல்விழியின் முறை வந்தது. மோதிர விரலால் தொட்டாள், நெற்றியில் வைத்தாள். விரல் அங்கேயே நிற்கவில்லை. மேலே போய் வகிட்டில் வைத்தது. அப்புறம் கீழே இறங்கிக் கழுத்துக்குள் நுழைந்து, தாலியைத் தேடியது. எடுத்துப் பொட்டு வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் அல்லவா, கட்டின நாளிலிருந்து கை பழகிய பழக்கம். அங்கே ஒன்றும் இல்லை. விரல் வெறும் கழுத்தில் அப்படியே நின்றுவிட்டது.

எண்ணெய் தேய்க்கச் சொன்னவள், துப்பட்டா கற்றுக்கொடுத்தவள், இந்தக் கையை மறந்துபோனாள். அவளே குங்குமம் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது, எப்படி நினைவு வரும்?

முதலாளியம்மா கத்தவில்லை, திட்டவில்லை. கல்யாணமான பொம்பளைக்குத்தானே அந்தக் கை தெரியும். வேல்விழியின் வகிட்டைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், பூவைக் கையில் கொடுத்தார், அடுத்த பிள்ளைக்குத் திரும்பினார். மத்தியானத்துக்குள் மயில்சாமி வேல்விழியை விசாரித்துவிட்டு, கண்ணம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மயில்சாமி கெட்டவர் இல்லை என்பதுதான் கண்ணம்மாளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் வைதுவிட்டாவது வந்திருக்கலாம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நாளைக்கு இவள் புருஷன் வந்து என் பொண்டாட்டியைக் கம்பெனிக்காரன் ஒளித்து வைத்திருக்கிறான் என்று கேட்டில் நின்று கூச்சல் போட்டால் என்ன ஆகும், கல்யாணமாகாத பிள்ளைகளை நம்பி அனுப்பின ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒன்றும் தப்பில்லை. எல்லாரும் கேட்பது நியாயமாகத்தான் இருக்கிறது, வெளியே நிற்பது மட்டும் ஒருத்தியாக இருக்கிறாள். போலீஸ் ஸ்டேஷனில் முறைப்படி ஒப்படைத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

"உங்குளுக்கு எரக்க மனசுங்க அக்கா, நீங்களும் போக்கிடமில்லாதவங்க, அதுனால விட்டர்றேன். இனி இப்புடிப் பண்ணீராதீங்க," என்றார் மயில்சாமி.

எனக்கும் புருஷன் இருக்கிறார் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அறைக் கதவின் தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது. சரீங்க சார் என்று எழுந்து வந்துவிட்டாள்.

ஸ்டேஷனுக்கு அவளும் துணைக்குப் போனாள். அங்கே இருந்த பெண் போலீஸ், கண்ணம்மாளுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயசுதான் இருப்பாள், கண்ணில் தூக்கம் வழிந்தது. நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். புதுச் சட்டத்தில் இந்த மாதிரிப் பெண்களை ஹோமில் சேர்க்கலாம் என்று எழுதியிருக்கிறதாம். இந்தப் பக்கத்தில் ஹோம்தான் இல்லையாம். கோயமுத்தூருக்கு இரண்டு இடத்துக்குப் போன் போட்டுப் பார்த்தாள். ஒரு இடத்தில் யாரும் எடுக்கவில்லை. இன்னொரு இடத்தில் கட்டில் காலியில்லை என்றார்கள். போனை வைத்துவிட்டுக் கண்ணம்மாள் பக்கம் திரும்பினாள்.

"நா எங்க கூட்டிட்டுப் போறதுங்க? எங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போனா எம்புருசன் என்னைய வெளிய தள்ளீருவான்."

அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாளா நிஜமாகச் சொல்கிறாளா என்று கண்ணம்மாளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் இசக்கிமுத்துவை வரவழைத்தார்கள். கையெல்லாம் சாயம் ஏறி நீலமாக இருந்தது. இனி கை நீட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டான், அழக்கூடச் செய்தான். இந்த மாதிரி அழுகையை லிங்கசாமியிடம் கண்ணம்மாள் நிறையப் பார்த்திருக்கிறாள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது வேல்விழி அவளிடம் வந்தாள். அழவில்லை, குறை சொல்லவில்லை.

"எக்கா, அதத் தாங்க. வெறுங்கழுத்தா வீட்டுக்குள்ள போனா அதுக்கு வேற அடி விழும்."

வரும்போதே கண்ணம்மாள் போசியிலிருந்து எடுத்துப் பையில் வைத்திருந்தாள். கொடுக்க வேண்டி வராது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டுதான் வந்தாள். மஞ்சள் வெளுத்த கயிறு. வேல்விழி அதை வாங்கித் தானே தலைவழியாகப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை முந்தானையாட்டம் இழுத்துச் செருகிக்கொண்டு, அவன் பின்னால் படியிறங்கிப் போனாள்.

அப்புறம் கண்ணம்மாள் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தாள். ஆனால் ஒவ்வொரு படியும் மலையாக இருந்தது. சோறு இறங்கவில்லை. உதவி கேட்டு வந்த ஒருத்தியை வாசலோடு திருப்பி அனுப்பினாள், காரணம்கூடச் சொல்லவில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தாள்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதிக்குக் காய் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். சம்பளம் வாங்கிய கூட்டம் கடைவீதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதில் வேல்விழி வந்தாள், பக்கத்தில் இசக்கிமுத்து. அவள் இடது கையில் மாவுக்கட்டு, கழுத்திலிருந்து துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வகிட்டில் குங்குமம் பளிச்சென்று, கொஞ்சம்கூடக் கலையாமல் இருந்தது. இரண்டு பேர் கண்ணும் பார்த்துக்கொண்டன. கண்ணம்மாளின் வாய் திறப்பதற்குள் வேல்விழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரோ ஒரு முன்பின் தெரியாத பொம்பளையைப் பார்த்தவள் போலப் போய்விட்டாள். கோபத்தில் அப்படிச் செய்யவில்லை. தெரிந்தவள் என்று காட்டிக்கொண்டால் வீட்டில் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். கண்ணம்மாளுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததனால் கத்திரிக்காய்க் கடை முன்னால் நின்று வெட்கமில்லாமல் அழுதாள்.

மறுநாள் திங்கட்கிழமை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போனாள். புது மாவட்டம், புது ஆபீஸ், எந்த வரிசை எங்கே என்று அங்கே இருப்பவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. மனுவில் விவரம் பதிகிற மேஜையில் குமாரவேல் என்று சட்டையில் பெயர்ப் பட்டை குத்திய இளைஞன் இருந்தான். காலையிலிருந்து எழுதி எழுதி அவன் முகமும் வாடியிருந்தது. என்ன வேணுங்கம்மா என்றான். ஒரு ஊடு வேணுமுங்க என்றாள். இலவசப் பட்டாவுக்கு அந்த வரிசை என்று தலை நிமிராமல் கையைக் காட்டினான். அவள் நகரவில்லை.

"பட்டா இல்லீங்க சாமி. அடி தாங்காம ஊட்ட விட்டு வர்றவளுக்கு ஒரு ஊடு. புள்ளயோட வந்தாலும் சேத்துக்கோணும். கண்ணாலம் ஆச்சா, புருசன் இருக்கானான்னு பாத்துட்டுத் தொறக்கற கதவா இருக்கக் கூடாதுங்க. கவர்மென்ட்டே நடத்தோணும்."

அவன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். இந்த மாதிரி ஒரு மனு அவன் மேஜைக்கு வந்ததில்லை போலிருக்கிறது. அவள் சொன்னாள். கல்யாணமாகாத பிள்ளைக்கு விடுதி இருக்கிறது. புருஷன் செத்தவளைப் பாவம் என்று ஒரு மூலையில் வைத்துக்கொள்கிறார்கள். புருஷன் உயிரோடு இருக்கிறவளுக்கு அந்தப் புருஷன் வீட்டைத் தவிர இத்தனை பெரிய ஊரில் ஒரு இடம் கிடையாது. ஏதாவது ஒரு பொய் சொன்னால்தான் கதவு திறக்கிறது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். குமாரவேல் அவர்களைக் கையமர்த்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். எழுதவும் ஆரம்பித்தான்.

பெயர் கேட்டான், சொன்னாள். கணவர் பெயர் கேட்டான், லிங்கசாமி என்றாள். அவள் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, தயக்கத்தோடு, அவரு காலமாயிட்டாருங்களா என்று கேட்டான். இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்கு அவள் யோசித்துப் பதில் சொன்னதே இல்லை.

"இல்லீங்க. இருக்கறாருங்க. வெள்ளகோயில்ல."

சொல்லிவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் எழுதிக்கொண்டான். எந்த விலாசத்துக்குப் பதில் அனுப்பட்டும் என்று கேட்டான். கண்ணம்மாள் பெருமாநல்லூர் என்று வாயெடுத்தாள். தபால் கேட்டுக்கு வரும். கேட்டிலிருந்து மயில்சாமியின் மேஜைக்குப் போகும். லிங்கசாமி இருக்கிறார் என்று அதில் அச்சடித்திருக்கும். அதற்குப் பிறகு அந்தத் தாழ்ப்பாள் அவளுடையது இல்லை. அண்ணன் வீடு என்று சொல்லலாமா என்று யோசித்தாள். அது அண்ணன் வீடு.

பேனாவைப் பிடித்துக்கொண்டு அவன் காத்திருந்தான். விலாசம் சொல்லுங்கம்மா, இல்லாமப் போனா மனுவ வாங்க முடியாதுங்க என்றான் மறுபடியும்.

"அது இருந்தா நா எதுக்குங்க சாமி வர்றேன்," என்றாள் கண்ணம்மாள். "அதக் கேட்டுத்தானுங்க வந்திருக்கறேன்."